மைக்கை அணைத்த பிறகு கேட்டது: நாகர்கோவிலில் ஹங்கேரி இளைஞர்களின் மூன்று மாலைகள்

மூன்று மாலைக்கும் சேர்த்து டிக்கெட் 500 ரூபாய். தனித்தனியாக எடுத்தால் ஒரு மாலைக்கு 200. இரண்டாம் மாலை ஒன்றுக்கே அந்த 500-ஐக் கொடுக்கலாம். முதல் மாலைக்கு 200 கூட அதிகம். வாசித்தவர்கள் அதே ஆறு பேர், அரங்கமும் அதே பழைய ஓட்டுக்கூரைப் பள்ளி அரங்கம். இடையில் மாறியது இரண்டே சங்கதி: மைக்குகள் மேடையை விட்டு இறங்கின, மேடைச் சுவரை மறைத்துத் தொங்கிய சாட்டின் துணி அவிழ்க்கப்பட்டது.

வந்தவர்கள் இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ, ஒரு கிளாரினெட், ஒரு பியானோ. எல்லாரும் புடாபெஸ்டின் இசைக் கல்லூரியான லிஸ்ட் அகாடமியில் படிப்பவர்கள் அல்லது இப்போதுதான் முடித்தவர்கள். பெரிய பெயர் வாங்குவதற்கு முன் வெளிநாடுகளில் ஊர் ஊராக வாசித்துப் பழகுவதற்கான தொடர் இது. அகாடமியை இசையமைப்பாளர் லிஸ்ட் 1875-ல் தொடங்கினார். ஹங்கேரியின் இசையமைப்பாளர்கள் பார்டோக், கோடாய் இருவரும் அங்கே ஆசிரியர்களாகச் சேர்ந்தது ஒரே ஆண்டில், 1907-ல். அதனால் இந்தப் பிள்ளைகளுக்குப் பார்டோக்கும் கோடாயும் வெறும் அச்சுத்தாள் இல்லை. ஆசிரியரின் ஆசிரியர் வாசித்துக் காட்டிய பாடம். நம்மூரில் பாடாந்தரம் என்று சொல்வோமே, அதுதான். சொந்தச் சரக்கை வாசிக்கும்போது ஓங்கி நின்றார்கள். கைதட்டலுக்காகச் சேர்த்த சரக்கில் சாதாரணமாகிவிட்டார்கள்.

அரங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தொடரின் பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது. உயரமான ஓட்டுக்கூரை, கீழே மரச்சட்டங்கள், இரு பக்கமும் நீள ஜன்னல்கள், சிவப்புச் சிமெண்ட் தரை. நாலு தந்தி வாத்தியத்துக்கு இதைவிட நல்ல இடம் மாவட்டத்தில் தேடினாலும் சிரமம். குவிமாடமோ வழுவழுப்பான பெரிய கான்கிரீட் சுவர்களோ இல்லாததால் ஒலி முட்டி மோதித் திரும்பாது. மரச்சட்டங்கள் அதைச் சிதறடித்து அனுப்பும். முதல் நாள் இதன்மேல் பந்தல்காரர் கைவரிசை விழுந்தது. மேடைக்குப் பின்னால் கல்யாண மேடைபோல் மடிப்பு மடிப்பாகச் சாட்டின், அதற்கு முன்னால் இரண்டாள் உயர ஃபிளெக்ஸ். மடித்த துணி உயர்ந்த அதிர்வெண்களை விழுங்கிவிடும், வயலினின் ஒளி போய்விடும். ஃபிளெக்ஸ் காற்றாடிக் காற்றில் படபடக்கும். இந்த இரண்டு குறையையும் ஈடுகட்டத்தான் மைக் வைத்தார்கள். நோயை உண்டாக்கிவிட்டு மருந்து கொடுத்த கதை.

அந்த மைக்கில் பார்டோக்கின் நாலாவது தந்தி நால்வர் இசையை, 1928-ல் எழுதியதை, வாசித்தார்கள். ஐந்து பகுதி. நடுப்பகுதியை மையமாக வைத்து முதலாவதும் ஐந்தாவதும் ஜோடி, இரண்டாவதும் நாலாவதும் ஜோடி. இரண்டாவது முழுக்க மியூட் (ஒலியை அடக்கும் சிறு கவ்வி) போட்டு, மூச்சு வாங்காத வேகத்தில், முணுமுணுப்பாக ஓட வேண்டும். நாலாவதில் வில்லே கிடையாது, முழுக்க விரல் மீட்டல். அதில் சில இடங்களில் தந்தியைச் செங்குத்தாக இழுத்து விட வேண்டும், அது விரல்பலகையில் மோதிப் பட்டென்று தெறிக்கும். வில்லுப்பாட்டில் வீசுகோல் நாணில் விழும் அந்த அறையைக் கேட்ட காதுக்கு இது புதிதே அல்ல. ஆனால் ஒரு சாண் தூரத்தில் மைக் நின்றால் அந்தத் தெறிப்பு ஒலிபெருக்கியில் வெடிச்சத்தமாகிறது. ஒலி ஆபரேட்டர் பயந்துபோய் அளவைக் குறைத்தார். உடனே அடுத்து வந்த மெல்லிய மீட்டல்கள் காணாமல் போயின. இரண்டு பக்கப் பெட்டியிலிருந்தும் ஒரே ஒலி வந்ததால், இடது வயலின் கேட்டதற்கு வலது செல்லோ பதில் சொல்கிறது என்ற உரையாடலே காதுக்குத் தெரியவில்லை. நாலு பேர் வாசிக்க வந்த இடத்தில் ஒரு பெட்டி வாசித்தது.

மறுநாள் மதியம் ஒத்திகையில் அவர்களே துணியை அவிழ்க்கச் சொன்னார்களாம். அந்தப் புண்ணியம் யாருடையதாக இருந்தாலும் சரி.

இரண்டாம் மாலையின் உயிர் கோடாயின் தனிச் செல்லோ சொனாட்டா, ஓபஸ் 8, 1915. ஏறக்குறைய அரைமணி நேரம் ஒரே ஆள், துணைக்கு யாருமில்லை. செல்லோவின் கீழ் இரண்டு தந்திகளையும் அரை ஸ்வரம் இறக்கிக் கட்ட வேண்டும். வழக்கமான சி, ஜி, டி, ஏ என்பது பி, எஃப் ஷார்ப், டி, ஏ ஆகும். இதனால் பி மைனர் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, முழுதும் திறந்த தந்திகளில் முழங்கும், தம்பூரா போட்டதுபோல் அடியில் சுருதி நிற்கும். இங்கே இதை வாசிப்பதில் ஆபத்தும் இந்தச் சுருதி இறக்கத்தில்தான். இறக்கிய தந்தி சும்மா இருக்காது, பழைய இழுவிசைக்கு மெல்ல மெல்ல ஏறப் பார்க்கும். கடலோர ஈரத்தில் தந்தியை முறுக்கும் பிர்டை மரம் உப்பி இறுகிக்கொள்ளும். திருகினால் முதலில் அசையாது, பிறகு ஒரேயடியாகத் தாவும். ஏ.சி. அறையில் வைத்தால் நேர்மாறு, மரம் சுருங்கிப் பிர்டை வழுக்கும். தீர்வு எளிது. வாத்தியத்தை விடுதி ஏ.சி.யில் மாலை வரை பூட்டி வைக்காமல் இரண்டு மணி நேரம் முன்பே அரங்கத்துக்குக் கொண்டுவந்து, இறக்கிய சுருதியிலேயே ஊற விட வேண்டும். செல்லோ வாசித்த இளைஞர் அதைச் செய்திருந்தார் என்பது முதல் கார்டிலேயே தெரிந்தது. வில்லின் குதிரைமுடியும் ஈரத்தில் நீளும். அதனால் திருகை வழக்கத்தைவிட இரண்டு சுற்று கூடுதலாக இறுக்கிக்கொண்டார், பகுதிகளுக்கு இடையில் மறுபடி ஒரு கால் சுற்று.

இன்னொரு சின்ன விஷயம். செல்லோவின் அடிக்கம்பி முனை சிவப்புச் சிமெண்டில் நிற்காது, வழுக்கிக்கொண்டே போகும். முதல் நாள் ரப்பர் வில்லை போட்டுப் பார்த்தார்கள், அதுவும் சேர்ந்து நகர்ந்தது. இரண்டாம் நாள் யாரோ தடித்த கயிற்று மிதியடி ஒன்றைக் கொண்டுவந்து, அதன் ஒரு முனைமேல் நாற்காலியின் முன்கால்களை வைத்தார்கள். கம்பி தும்புக்குள் குத்தி நின்றது. தும்புக்குப் பஞ்சமில்லாத மாவட்டத்தில் இதற்கு ஒரு நாள் ஆனதுதான் ஆச்சரியம்.

வாசிப்பு? மெதுநடையில் போகும் நடுப்பகுதி அடாஜியோவில் செல்லோ கிராமத்துப் புல்லாங்குழலாகிறது, ஒப்பாரியாகிறது, இடது கை தந்தியைக் கிள்ளிக்கொண்டே வலது கை வில் இழுக்கிறது. மூன்றாம் பகுதியில் பைக்குழல்போல் அடியில் ஒரே ஸ்வரம் இரைய மேலே ஆட்டம் போடுகிறது. அந்த இளைஞர் வேகத்தைக் காட்டி மயக்கப் பார்க்கவில்லை. ஹங்கேரி மொழியில் சொல்லின் முதல் அசைதான் அழுத்தம் பெறும். பாட்டும் அப்படியே, அடி விழுந்தபின் நீளும். அந்தப் பேச்சுத் தாளம் வில்லில் இருந்தது. அடாஜியோ முடிந்ததும் சிலர் கைதட்டினார்கள். பகுதிக்கு நடுவில் தட்டுவது பாவம் ஒன்றும் இல்லை, கச்சேரியில் கோர்வை முடிந்ததும் தட்டுகிற கை தட்டத்தான் செய்யும். ஆனால் இந்தச் சொனாட்டாவில் மட்டும் பொறுக்க வேண்டும். இறக்கிய தந்திகளைச் சரிபார்க்க அவருக்கு மௌனம் கிடைப்பது பகுதிகளுக்கு நடுவில்தான்.

மௌனம் என்றதும் ட்யூப்லைட். பழைய சோக் போட்ட குழல்விளக்கு, நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 100 ஹெர்ட்ஸில் முனகும். இறக்கிய எஃப் ஷார்ப் தந்தி ஏறக்குறைய 92.5 ஹெர்ட்ஸ். இரண்டும் உரசி அலைபோல் அடித்துக்கொண்டது. மேடைக்கு மேல் உள்ள இரண்டு குழல்விளக்குகளை அணைத்துவிட்டு எல்.இ.டி. பல்பு போட்டிருந்தால் தீர்ந்தது. ஜெனரேட்டரை மட்டும் பின்வளாகத்தின் கடைசி மூலைக்குத் தள்ளியிருந்தார்கள், அதற்குப் பாராட்டு.

கர்நாடக இசை காதோடு வருகிறவர்களுக்கு இந்தத் தொடரில் தனி விருந்து உண்டு, நிகழ்ச்சித் தாளில் அதை யாரும் எழுதவில்லை. பார்டோக்கும் கோடாயும் கிராமம் கிராமமாகப் போய், ஃபோனோகிராஃபில் மெழுகு உருளைகளில் பதிந்துவந்த பழைய பாணி ஹங்கேரிப் பாட்டுகள் பலவும் ஐந்து ஸ்வரத்தில் நிற்பவை. அந்த ஐந்தும் நம் சுத்த தன்யாசியின் ஐந்து. மேலே ஒரு வரி பாடிவிட்டு, அதையே ஐந்து ஸ்வரம் கீழே இறக்கி மறுபடி பாடுவது அவற்றின் வழக்கம். உணவகத்து ஜிப்ஸி இசையில் கேட்கும் அந்த உருக்கமான ஸ்வர வரிசை சிம்மேந்திர மத்திமம். பார்டோக் அடிக்கடி போகும் இன்னொரு வரிசை வாசஸ்பதி. கமகம் இல்லாததால் ராகம் என்று சொல்ல முடியாது, ஆனால் காது வழி கண்டுபிடித்துவிடும். இதற்கெல்லாம் முத்தாய்ப்பாக மூன்றாம் நாள் லிஸ்டின் பி மைனர் சொனாட்டா. அதன் முதல் சில வினாடிகளில் இடது கை இரண்டு முறை படி இறங்குகிறது. முதல் இறக்கம் தோடியின் ஸ்வரங்கள், இரண்டாவது சிம்மேந்திர மத்திமம். 1853-ல் முடித்த சொனாட்டா அது. ஜி-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டு கேட்டால் தெளிவாகப் பிடிபடும்.

ஆனால் அந்தச் சொனாட்டா நன்றாக அமைந்ததா என்றால், முக்கால்வாசி. குற்றம் பியானோவின்மேல். வாடகைக்கு வந்தது ஒரு அப்ரைட், நிமிர்ந்து நிற்கும் பெட்டி வகை. படுக்கை வகையான கிராண்ட் கொண்டுவருவது லேசான காரியம் இல்லை, கால் டன் கனம், ஆட்கள், சாய்வுப்பலகை, வந்து இறங்கியபின் ஓய்வு, ட்யூனிங் எல்லாம் வேண்டும். அப்ரைட்டில் ஒரே சாவியை வேகமாகத் திரும்பத் திரும்ப அடித்தால் சுத்தியல் முழுதாகத் திரும்பிய பிறகே அடுத்த அடி விழும். கிராண்டில் பாதி திரும்பினாலே போதும். லிஸ்டின் எட்டாம் ஸ்வர ஓட்டங்களில் சில அடிகள் ஊமையானது வாசித்த பெண்ணின் கைக்குறை அல்ல. அவர் கெட்டிக்காரர்: உரத்த இடங்களில் வாத்தியத்தை அடித்து நொறுக்காமல், இருக்கிற ஒலியை எட்டு பங்காகப் பிரித்து, கடைசிப் பக்கத்துக்கு ஒரு பங்கை மிச்சம் வைத்துக்கொண்டார். முடிவில் கீழே தனியாக விழும் அந்த ஒற்றை பி ஸ்வரத்துக்குப் பிறகு கூட்டம் சில வினாடி அப்படியே உட்கார்ந்திருந்தது.

ட்யூனிங்கை முதல் நாள் காலையில் ஒரேயடியாக முடித்துவிட்டது இன்னொரு தவறு. ஆளில்லாத அரங்கத்தில் சுருதி சேர்த்த பியானோ, நானூறு பேர் மூச்சும் வியர்வையும் சேர்ந்த ஈரத்தில் அப்படியே இருக்காது. உள்ளே உள்ள ஒலிப்பலகை உப்பும், நடு ஸ்தாயி தந்திகள் மேலேறும், ஓரங்கள் அவ்வளவு ஏறாது. மூன்றாம் நாள் நடுவில் மட்டும் சுருதி பிசகியதற்குக் காரணம் இதுதான். அதன்மேல் கிளாரினெட். காற்று வாத்தியங்களுக்கு வெப்பம் ஏறினால் சுருதி ஏறும், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ மூன்று சென்ட். ஒரு சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு. ஐரோப்பாவில் 20 டிகிரியில் பழகிய வாத்தியத்தை நம் 31 டிகிரியில் ஊதினால், அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலே போய் நிற்கும். வாத்தியத்தின் கழுத்துப் பகுதியை வெளியே இழுத்துச் சரிசெய்யலாம், ஆனால் அதிகம் இழுத்தால் நடு ஸ்வரங்கள் மட்டும் கூடுதலாகக் கீழே விழும். பியானோவின் ஏ ஸ்வரத்தை 440 ஹெர்ட்ஸுக்குப் பதில் 442-க்கு வைக்கச் சொல்லியிருந்தால் பாதிச் சண்டை தீர்ந்திருக்கும். நடு ஐரோப்பாவில் இவர்கள் பழகும் சுருதியும் அதை ஒட்டியதுதான்.

இந்தச் சண்டைக்கு நடுவிலும் பார்டோக்கின் 'கான்ட்ராஸ்ட்ஸ்' தப்பித்தது, சொல்லப்போனால் பிரமாதமாகவே வந்தது. 1938-ல் ஜாஸ் கிளாரினெட்காரர் பென்னி குட்மனுக்காகவும் வயலின்காரர் சிகெட்டிக்காகவும் எழுதியது. கடைசிப் பகுதிக்கு வயலின்காரர் இரண்டு வயலின் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றில் கீழ்த்தந்தி அரை ஸ்வரம் ஏற்றி, மேல்தந்தி அரை ஸ்வரம் இறக்கி, வேண்டுமென்றே கோணலாகக் கட்டியது. அதில் தொடங்கி, சில வரிகளுக்குப் பிறகு நல்ல வயலினுக்கு மாறுவார். அடுத்த நாற்காலியில் ஒரு துண்டு விரித்து வைத்தால் போதும், மாற்றுவதற்கு இரண்டு வினாடி ஆகும். இங்கே துண்டு இல்லை, வெறும் பிளாஸ்டிக் நாற்காலி, வயலின் வைத்த 'டக்' கடைசி வரிசை வரை கேட்டது. நடுவில் பதின்மூன்று எண்ணிக்கை வரும் இடம் உண்டு. தகிட தக தகிட, தக தகிட என்று எட்டும் ஐந்துமாகப் பிரித்துப் போட்டால் தொடையில் தாளம் தப்பாது. முன்வரிசையில் இருந்த தவில்காரர் ஒருவர் இரண்டாவது சுற்றிலேயே பிடித்துவிட்டார். பல்கேரியத் தாளம் என்று பார்டோக் வியந்தது நமக்குக் கணக்கு வழக்கு.

சேர்க்கைச் சரக்கு என்றேனே, அதைச் சுருக்கமாக முடிக்கலாம். ஒவ்வொரு மாலையும் கடைசியில் பிராம்ஸின் ஐந்தாம் ஹங்கேரிய நடனம், அல்லது மோன்டியின் சார்டாஷ் என்ற ஹங்கேரிய நடன உருப்படி. மோன்டி இத்தாலிக்காரர். பிராம்ஸ் ஜெர்மானியர், அந்த ஐந்தாம் நடனத்தின் மெட்டு கேலர் பேலா என்பவருடைய சார்டாஷ். அதை நாட்டுப்பாட்டு என்று நினைத்து எடுத்துக்கொண்டார். வாசித்த பிள்ளைகள் முகத்திலேயே சலிப்பு தெரிந்தது. அதற்குப் பதில் முதல் நாள் வாசித்த டோஹ்நாநியின் மூவர் செரனேடை, 1902-ல் எழுதியதை, இன்னொரு முறை மைக் இல்லாமல் வாசித்திருக்கலாம். பார்டோக்கின் ருமேனிய நடனங்கள் மட்டும் விலக்கு. ஆறு குட்டி நடனம், ஆறேழு நிமிடம். மூன்றாவதில் வயலின் தந்தியை அழுத்தாமல் தொட்டு விசில்போல் எழுப்பும் ஸ்வரங்களைக் கேட்பதற்காகவே காற்றாடிகளை நிறுத்தச் சொல்லலாம்.

சனிக்கிழமை காலையில் கொயர் பிள்ளைகளுக்கு நடந்த பயிற்சிக்குக் கட்டணம் இல்லை, கூட்டமும் இல்லை. நஷ்டம் வராதவர்களுக்கே. கோடாய் முறை என்ற பாட்டுப் பயிற்சியின் கைச்சைகைகள் இங்கிலாந்தில் சபைப் போதகராக இருந்த ஜான் கர்வெனுடையவை. அதே கர்வென் பரப்பிய டோ, ரே, மீ எழுத்துகளைத்தான் நம் பழைய கொயர்கள் சோல்ஃபா என்று பாடின. நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷனும் பெரும்பாலும் அதே சபை மரபுக்காரர்கள் என்பதை நினைத்தால், நாகர்கோவிலும் புடாபெஸ்டும் ஒரே ஆசிரியரிடம் படித்த கதை. டோவுக்கு மூடிய முஷ்டி, இடுப்பளவில். மீ-க்குக் கவிழ்ந்த உள்ளங்கை. ஃபா-வுக்குக் கட்டைவிரல் கீழ்நோக்கி. டீ-க்குச் சுட்டுவிரல் மேல்நோக்கி. ஸ்வரம் ஏற ஏறக் கையும் ஏற வேண்டும், மேல் டோ நெற்றி உயரம். நம் பிள்ளைகள் கீபோர்டு துணை இருக்கும்வரை தங்கமாகப் பாடினார்கள், அதை நிறுத்தியதும் மூன்றாவது வரியில் சுருதி இறங்கியது. கோடாய் முறை குறிவைப்பது இதைத்தான். பயிற்சி கொடுத்தவர் வகுப்பை இரண்டாகப் பிரித்து, வலக்கை ஒரு பாதிக்கும் இடக்கை மறு பாதிக்கும் சைகை காட்டி, பியானோ இல்லாமலே இரண்டு குரலையும் ஒன்றையொன்று கேட்டுச் சேர வைத்தார். ஒன்றேகால் மணி நேரத்தில் சுருதி நின்றது. கொயர் நடத்துகிறவர்கள் யாராவது கூட உட்கார்ந்து எழுதிக்கொண்டார்களா என்று பார்த்தால், இரண்டு பேர்.

அறிவிப்பாளருக்கு ஒரு வார்த்தை. ஹங்கேரியில் குடும்பப் பெயர் முன்னால் வரும், பார்டோக் பேலா என்பதுதான் சரி. அதைத் தலைகீழாக்கி, பிறகு பாதியில் திருத்தி, ஆறு பேரையும் குழப்பியிருக்க வேண்டாம். எஸ் என்ற எழுத்து அவர்களுக்கு 'ஷ்', எஸ் இஸட் சேர்ந்தால் 'ஸ்', சி எஸ் சேர்ந்தால் 'ச்', எல் ஒய் சேர்ந்தால் 'ய்'. இதை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டால் 'கோடாலி' என்று மூன்று மாலையும் கேட்டிருக்க வேண்டியதில்லை.

உட்காருவதற்கு: முதல் இரண்டு வரிசை வேண்டாம், மேடை உயரம் கூடுதல் என்பதால் ஒலி தலைக்குமேல் போகிறது. ஐந்திலிருந்து எட்டு வரை, நடுவுக்குக் கொஞ்சம் இடதாக உட்கார்ந்தால் பியானோக்காரர் கையும் தெரியும், நாலு தந்தி வாத்தியமும் தனித்தனியாகக் காதில் விழும். வலது ஜன்னலோரம் சாலைப் பக்கம், ஏர்ஹாரன் உறுதி. இடைவேளையில் கட்டன் சாயாவும் ரசவடையும் நன்றாகவே இருந்தன, விலையும் கைக்கடக்கம். ஏத்தங்காய் சிப்ஸை மட்டும் பாக்கெட்டில் விற்கக் கூடாது. அந்த பிளாஸ்டிக் உறையின் சரசரப்பு வயோலாவின் மெல்லிய வாசிப்பைவிட உரக்கக் கேட்கிறது. காகிதக் கூம்பில் கொடுக்கட்டும். குளச்சல், மார்த்தாண்டம் பக்கம் பஸ் பிடிக்கிறவர்கள் கடைசி உருப்படிக்கு முன் எழுந்தாலும் மோன்டிதான் போகும், கவலை வேண்டாம். அடுத்த முறை முன்பதிவுக்குப் போன் செய்யும்போது கேட்க வேண்டியவை இரண்டே: மைக் உண்டா, ட்யூனர் இடைவேளை வரை இருப்பாரா. முதலாவதற்கு இல்லை, இரண்டாவதற்கு ஆமாம் என்று பதில் வந்தால் மூன்று மாலைக்கும் எடுத்துவிடலாம்.